வேர்நுனியில் ஓர் உயிர்க் கணக்கு

வெங்காயம் இல்லாத அடுக்களை நம் நாட்டில் அரிது. ஐதராபாத் நகரின் மலக்பேட்டைச் சந்தையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இப்பண்டத்தின் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஊரெங்கும் அதே பேச்சாகிவிடும். ஆனால் அதே வெங்காயத்தின் அடிப்பாகத்தில் தண்ணீர் பட்ட இரண்டு மூன்று நாட்களில் வெண்ணூல் போல் முளைத்து வரும் வேர்களைக் குறித்து ஆய்வுக்கூடங்களுக்கு வெளியே பேசுவோர் இலர். அவ்வேரின் நுனியில், கடுகளவும் இல்லாத ஓரிடத்தில், உயிர் எவ்வாறு பெருகுகிறது என்பதை நாம் கண்ணாரக் காணலாம். அதனைக் காணும் வழியையும், அங்கே செய்யும் ஓர் எளிய எண்ணிக்கை உழவனின் நிலம் வரை எவ்வாறு பயன் தருகிறது என்பதையும் இங்கே விளக்க முற்படுவோம்.

உடல்கள் யாவும் உயிரணுக்களால் ஆனவை. 1665ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் தக்கையின் மெல்லிய சீவலை உருப்பெருக்கிப் பார்த்து, அதில் தேன்கூடு போன்ற அறைகளைக் கண்டார். அவற்றுக்கு அவர் இட்ட பெயரே இன்றைய 'செல்' என்பது. அவ்வறைக்குள் உட்கரு ஒன்று உண்டு என்பதை 1831இல் இராபர்ட் பிரவுன் எடுத்துக் காட்டினார். உட்கருவிலிருந்து சாய மேற்கும் இழைகள் தோன்றுவதையும், அவை ஒழுங்காகப் பிரிந்து இரு பக்கமும் செல்வதையும் ஜெர்மானிய அறிஞர்களான ஸ்டிராஸ்பர்கர் தாவரங்களிலும், பிளெமிங் விலங்குகளிலும் 1870களிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் விரிவாக ஆராய்ந்தனர். இவ்விழைகளுக்குக் குரோமோசோம் என்ற பெயர் 1888இல் வழங்கப்பட்டது. நிறத்தை ஏற்கும் பொருள் என்பது அதன் பொருளாதலால், தமிழில் நிறக்கோல் என்று கூறுகிறோம்.

வேர்நுனியை ஏன் தேர்ந்தெடுக்கிறோம்?

ஒரு செடியின் எல்லாப் பகுதிகளிலும் உயிரணுக்கள் ஓயாமற் பிரிவதில்லை. முதிர்ந்த இலையிலும் தண்டிலும் பெரும்பாலானவை தம் வேலையைச் செய்துகொண்டு அடங்கியிருக்கும். வளர்ச்சி நடைபெறும் இடங்களில் மட்டுமே பிரிவு மிகுதியாக உண்டு. வேரின் முனையில் மண்ணைத் துளைத்துச் செல்வதற்குக் கவசமாக ஒரு தொப்பி அமைந்துள்ளது. அதற்குச் சற்றே பின்னால், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில், ஆக்குத்திசு எனப்படும் பகுதி இருக்கிறது. இங்குள்ள உயிரணுக்கள் சிறியவை, சதுரமானவை, நடுவில் பெரிய உட்கருவை உடையவை. இதற்கும் மேலே சென்றால் உயிரணுக்கள் நீண்டு வளரும், ஆனால் பிரிவதில்லை. ஆகவே, எந்த இடத்தை வெட்டி எடுக்கிறோம் என்பதிலேயே பாதி வெற்றி அடங்கியிருக்கிறது.

வெங்காயத்தைத் தேர்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதன் நிறக்கோல்கள் மிகப் பெரியவை. எண்ணிக்கையோ 16 தான். பல செடிகளில் நிறக்கோல்கள் புள்ளிகளைப் போலச் சிறுத்து நெருங்கியிருக்கும். வெங்காயத்திலோ அவற்றின் வளைவையும் கைகளின் நீளத்தையும் கல்லூரி மாணவரும் தெளிவாகக் காணலாம்.

செய்முறை

வாய் குறுகிய ஒரு கண்ணாடிக் குவளையில் நீரை நிரப்பி, வெங்காயத்தின் அடிப்பாகம் மட்டும் நீரைத் தொடுமாறு அதன்மேல் வைக்கவேண்டும். பழைய காய்ந்த வேர்களை முன்னதாகவே சுரண்டிவிடுதல் நலம். வேர்கள் ஓர் அங்குல நீளம் வளர்ந்ததும் நுனிகளை நறுக்கி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு செறிந்த அசெட்டிக் அமிலமும் கலந்த நீர்மத்தில் ஒரு நாள் ஊறவிடுவர். இதற்கு நிலைப்படுத்துதல் என்று பெயர். உயிரணு எந்த நிலையில் இருந்ததோ அந்நிலையிலேயே அது உடனே நின்றுவிடுகிறது. ஓடும் மனிதனை நிழற்படம் எடுத்தால், தூக்கிய கால் தூக்கியபடியே படத்தில் நிற்கும் அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

அடுத்து, உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பசையை இளக்க வேண்டும். நீர்த்த ஹைடிரோகுளோரிக் அமிலத்தில் 60 பாகை சென்டிகிரேட் வெப்பத்தில் சில நிமிடங்கள் வைத்தால் வேர் மென்மையாகிவிடும். கூடுதலாக வைத்தால் நுனியே கரைந்துபோகும். குறைவாக வைத்தால் உயிரணுக்கள் கட்டியாக நிற்கும். பின்னர் அசிட்டோகார்மைன் என்னும் சிவந்த சாயத்தில் இட வேண்டும். கார்மைன் என்பது சப்பாத்திக் கள்ளியில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து பெறப்படும் நிறப்பொருள். அச்சாயத்தை நிறக்கோல்கள் மிகுதியாக ஏற்கின்றன. சுற்றியுள்ள பகுதிகள் வெளிறியே இருக்கின்றன.

இறுதியாக, வேரின் கடைசி ஒரு மில்லிமீட்டரை மட்டும் கண்ணாடித் தகட்டின்மேல் ஒரு துளிச் சாயத்தில் வைத்து, மெல்லிய மூடுகண்ணாடியால் மூடி, மேலே ஒற்றுத்தாளை வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்தவேண்டும். விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் உயிரணுக்கள் உருண்டு சிதையும். நன்கு அழுத்தப்பட்ட திசு ஒரே ஓர் அடுக்காகப் பரவும். அமிலத்தையும் சாயத்தையும் ஆசிரியர் அருகில் இருக்கும்போதே கையாளவேண்டும் என்பதை மாணவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

நாம் காணும் காட்சிகள்

நானூறு மடங்கு பெருக்கிக் காட்டும் நுண்பெருக்கியின்கீழ் இத்தகட்டை வைத்து நோக்கினால், முதலில் தென்படுவது செங்கற்களை அடுக்கியது போன்ற ஓர் உயிரணுக் கூட்டம். பெரும்பாலானவற்றில் உட்கரு உருண்டையாக, ஒரே சீராகச் சாயமேறி அமைதியாக இருக்கும். இதனை ஓய்வு நிலை என்று முற்காலத்தில் கூறினர். ஆயினும் உண்மையில் இது ஓய்வன்று. மரபுச் செய்திகளைத் தாங்கும் டி.என்.ஏ. என்ற பொருள் இக்காலத்தில்தான் இரட்டிக்கிறது. வீட்டைப் பிரித்துக்கொள்ளும் முன்பு பத்திரங்களுக்கெல்லாம் படி எடுத்துவைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு அது.

சில உயிரணுக்களில் உட்கரு நூற்சிக்கல் போல் தோன்றும். நிறக்கோல்கள் சுருங்கித் தடிக்கத் தொடங்கிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். இது முதல்நிலை. வேறு சிலவற்றில் உட்கருவின் உறை மறைந்து, தடித்த நிறக்கோல்கள் உயிரணுவின் நடுவரையில் வந்து அணிவகுத்து நிற்கும். இது நடுநிலை. ஒவ்வொரு நிறக்கோலும் இப்போது ஓரிடத்தில் பிணைந்த இரண்டு ஒத்த இழைகளாக இருக்கிறது. இதனை அடுத்து அப்பிணைப்பு நெகிழ்ந்து, ஓரிழை ஒரு முனைக்கும் மற்றோரிழை எதிர்முனைக்கும் இழுக்கப்படும். நூல் நூற்கும் கதிரைப் போல நடுவில் பருத்தும் முனைகளில் குவிந்தும் அமைந்த ஒரு நுண்ணிழைத் தொகுதி இந்த இழுப்பைச் செய்கிறது. இது பிரிநிலை. இறுதிநிலையில் இரு முனைகளிலும் புதிய உட்கருக்கள் உருவாகின்றன. நடுவில் ஒரு புதிய சுவர் எழுகிறது. விலங்குகளின் உயிரணு இடுப்பு இறுகி இரண்டாகும். தாவரத்தின் உயிரணுவோ நடுவில் சுவர் எழுப்பிப் பாகம் பிரித்துக்கொள்ளும்.

இவ்வாறு ஒன்று இரண்டாகும்போது, தாயிடம் இருந்த 16 நிறக்கோல்களும் ஒவ்வொரு மகவுக்கும் முழுமையாகக் கிடைக்கின்றன. பங்கீட்டில் எவருக்கும் குறைவில்லை.

நின்றுபோன காட்சியிலிருந்து ஓடும் காலம்

இங்கே ஓர் ஐயம் எழலாம். நாம் காண்பவை உயிரற்ற, அசைவற்ற உருக்கள். ஒரு நிலைக்குப் பின் எந்த நிலை வருகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை எங்ஙனம் அறிவது? உயிருள்ள, ஒளி ஊடுருவும் உயிரணுக்களை நேரே கவனித்து வரிசையை உறுதி செய்துள்ளனர். நேரத்தை அறிவதற்கோ வெறும் எண்ணிக்கையே போதும்.

ஒரு கோயில் வாசலில் எந்நேரமும் நூறு பேர் வரிசையிலும் ஐந்து பேர் சந்நிதியிலும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் வரிசையில் நெடுநேரம் நின்று சந்நிதியில் சிறிது நேரமே தங்குகிறார் என்பதை, கடிகாரம் இல்லாமலே நாம் ஊகித்துவிடலாம். வேர்நுனியிலும் இதே நியாயந்தான். எந்நிலையில் மிகுதியான உயிரணுக்கள் காணப்படுகின்றனவோ அந்நிலை நெடுநேரம் நீடிக்கிறது என்பது பொருள்.

வெங்காய வேர்நுனியில் ஓர் உயிரணு பிறந்து, மீண்டும் இரண்டாகப் பிரிந்து முடிய, 23 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகிறது. அதாவது 1,020 நிமிடம். எடுத்துக்காட்டாக, நாம் 1,000 உயிரணுக்களை எண்ணுவதாகக் கொண்டால், எண்ணப்படும் ஒவ்வோர் உயிரணுவும் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குச் சமம். முதல்நிலையில் 60 இருந்தால் அந்நிலைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிரிநிலையில் 5 மட்டுமே இருந்தால் அதற்கு ஐந்து நிமிடம். எல்லா உயிரணுக்களும் ஒரே வேகத்தில் பிரிவதில்லையாதலின் இக்கணக்கு தோராயமானதே. எனினும், மாணவர் பலர் பிரிநிலையைத் தேடித் தேடி அலுத்துப்போவதற்குக் காரணம் அவர்தம் கண்ணின் குறையன்று, அந்நிலை விரைந்து முடிந்துவிடுவதே என்பது இதனால் விளங்கும்.

காந்தள் தந்த கருவி

நிறக்கோல்களின் எண்ணிக்கையைத் திருத்தமாக அறிய, அவை நெருங்கிக் கிடக்காமல் சிதறி நிற்க வேண்டும். இதற்குக் கோல்ச்சிசின் என்னும் நச்சுப்பொருள் துணைபுரிகிறது. ஐரோப்பாவில் இது கோல்ச்சிக்கம் என்ற செடியிலிருந்து பெறப்பட்டது. நம் நாட்டில் தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இதே பொருள் உண்டு. கண்ணுக்கு இனிய அம்மலரைத் தாங்கும் செடி முழுவதும் நஞ்சாயிருப்பது இதனாற்றான். கோல்ச்சிசின் பட்ட உயிரணுவில் கதிர் போன்ற இழைத்தொகுதி உருவாவதில்லை. இழுப்பார் இல்லாமையால் நிறக்கோல்கள் சிதறி நின்றுவிடும். அந்நிலையில் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் லெவான், 1938இல் வெங்காய வேரில் கோல்ச்சிசினின் இச்செயலை விரிவாக ஆராய்ந்தார். அவரும் ஜாவாவில் பிறந்த டிஜோவும் சேர்ந்து, 1956இல் மனித உயிரணுக்களை இம்முறையாற் பரப்பி எண்ணினர். அதுவரை மனிதனுக்கு 48 நிறக்கோல்கள் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்கள் கூறிவந்தன. சரியான எண் 46 என்று அவர்கள் நிறுவினர். வெங்காய வேரிற் பழகிய கை, மனிதனைப் பற்றிய கணக்கையே திருத்தியது.

இவ்வெண்ணிக்கை ஓர் உயிரின் உயர்வு தாழ்வைக் காட்டுவதன்று. நெல்லுக்கு 24, துவரைக்கு 22, சோளத்துக்கு 20, கம்புக்கு 14. கொண்டைக்கடலைக்கும் வெங்காயத்துக்கும் ஒரே எண்ணாகிய 16. எனில் இதனை எண்ணுவதால் வரும் பயன் யாது? இருவேறு செடிகளைக் கலக்க முற்படும்போதே அப்பயன் வெளிப்படுகிறது.

இக்கணக்கு வேலை தென்னாட்டுக்குப் புதிதன்று. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், 1930களில் ஜானகி அம்மாள் கரும்பையும் அதன் உறவான புல்வகைகளையும் கலந்து, அவற்றின் நிறக்கோல்களை ஆராய்ந்தார். தலைச்சேரியிற் பிறந்து, சென்னையிற் பயின்று, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற அவர், டார்லிங்டன் என்ற ஆங்கில அறிஞருடன் சேர்ந்து, பயிரிடப்படும் செடிகளின் நிறக்கோல் எண்ணிக்கைகளைத் திரட்டி 1945இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். பயிர்க் கலப்பில் ஈடுபடுவோர்க்கு அது நெடுங்காலம் கைந்நூலாக விளங்கியது.

பட்டான்செருவில் வேர்க்கடலை

மீண்டும் ஐதராபாத்துக்கு வருவோம். நகருக்கு வடமேற்கே பட்டான்செருவில், 1972இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிராராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. மழையை நம்பிய வறண்ட நிலங்களுக்குரிய பயிர்களே அதன் பொறுப்பு. தெலங்கானத்து மக்கள் 'பல்லி' என்று வழங்கும் வேர்க்கடலையும் அவற்றுள் ஒன்று.

வேர்க்கடலைக்கு இரண்டு பெரும் பகைகள் உண்டு. ஒன்று இலையிற் கரும்புள்ளி இட்டு உதிரச் செய்யும் டிக்கா நோய். மற்றொன்று துரு நோய். இரண்டும் ஒருங்கே தாக்கினால் விளைச்சலிற் பாதி போவதும் உண்டு. மருந்து தெளிக்கப் பொருள் இல்லாத மானாவாரி உழவனுக்கு இது பேரிழப்பு. தென் அமெரிக்காவில் தானே வளரும் காட்டுக் கடலை இனங்கள் சில இந்நோய்களைத் தாங்கி நிற்கின்றன. அவற்றின் வலிமையை நம் கடலைக்குக் கொண்டுவந்தால் என்ன?

இங்கேதான் கணக்கு இடறுகிறது. பயிரிடும் வேர்க்கடலைக்கு 40 நிறக்கோல்கள். காட்டினங்களிற் பெரும்பாலானவற்றுக்கு 20. விதை உண்டாகும் பொருட்டு ஒவ்வொரு பெற்றோரும் தம்மிற் பாதியைத் தருமாதலால், பிறக்கும் கலப்புச் செடிக்கு 20உம் 10உம் சேர்ந்து 30 ஆகின்றன. அச்செடி செழித்து வளரும், பூக்கவும் செய்யும். ஆனால் அதன் மகரந்தம் உருவாகும்போது, வேர்நுனியில் நாம் கண்டதற்கு மாறான குன்றற் பிரிவு நடைபெறவேண்டும். அதில் ஒத்த நிறக்கோல்கள் இணை இணையாகச் சேர்ந்து, பின்னர்ப் பிரியும். முப்பதில் பெரும்பாலும் பத்து, துணையின்றித் தனித்து நின்றுவிடுகின்றன. அவை நெறியின்றிச் சிதறுவதால் மகரந்தம் பதராகிறது. செடி மலடாகிறது. வேர்நுனியை அழுத்தி எண்ணினால் 30 என்ற எண் கிடைக்கும். இளமொட்டின் மகரந்தப்பையை அழுத்திப் பார்த்தால் மலட்டுத்தன்மையின் காரணம் தெரியும்.

இதற்குப் பரிகாரமும் நாம் முன்பு கண்ட கோல்ச்சிசினே. மலட்டுக் கலப்புச் செடியின் தளிரில் அதனை இட்டால், இரட்டித்த நிறக்கோல்கள் பிரிய இயலாமல் ஒரே உயிரணுவில் தங்கி 60 ஆகின்றன. இப்போது ஒவ்வொன்றுக்கும் துணை உண்டு. ஆகவே விதை பிடிக்கிறது. இயற்கையும் இதே வழியைக் கையாண்டுள்ளது. இருபது நிறக்கோல்களையுடைய இரு காட்டினங்கள் தற்செயலாகக் கலந்து, எண்ணிக்கை இரட்டித்ததன் பயனாகவே நாம் உண்ணும் வேர்க்கடலை தோன்றிற்று.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1960களில், பொலிவியா நாட்டுக் காட்டினமான கார்டினாசியையைப் பயிர்க்கடலையோடு இவ்வாறு கலந்தனர். அத்தகைய கலப்புகளின் வழிவந்த செடிகளை இக்ரிசாட் அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, நிறக்கோல்களை எண்ணி, நோய் தாங்குபவற்றைப் பொறுக்கினர். மிகையான நிறக்கோல்கள் கழிந்து மீண்டும் 40 ஆகி, அதே சமயத்தில் காட்டினத்தின் நோய்வலிமையும் தங்கிய செடிகளே அவர்கள் தேடியவை. ஐ.சி.ஜி.வி. 86855 என்பது அவ்வாறு கிடைத்த ஒரு வகை. அதனை ஒரு பெற்றோராகக் கொண்டு கருநாடகத்துத் தார்வாட் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஜி.பி.பி.டி. 4 என்ற ரகம், துரு நோயையும் இலைப்புள்ளியையும் தாங்குவதிற் பெயர் பெற்றது. அக்காட்டினத்தின் மரபுக்கூறுகள் பல கண்டங்களின் கடலை ரகங்களில் பரவியிருப்பதை, 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக் காட்டியது.

இன்று ஐதராபாத் ஆய்வுக்கூடங்களில் டி.என்.ஏ.வின் எழுத்துகளையே படித்தறியும் கருவிகள் வந்துவிட்டன. உப்பல் சாலையில் உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையமும், அதன் அருகே 1918இல் தோன்றிய உஸ்மானியா பல்கலைக்கழகமும் இத்துறைகளில் மாணவர்களைப் பயிற்றுகின்றன. ஆயினும் புதிய கலப்புச் செடி ஒன்று கைக்கு வந்தால், அதன் நிறக்கோல்கள் எத்தனை, அவை இணைகின்றனவா என்ற இரு கேள்விகளுக்கும் கண்ணாடித் தகடும் சாயமும் நுண்பெருக்கியும் நேரே விடை தருகின்றன.

ஆகவே, ஒரு நுண்பெருக்கியும் சிறிது சாயமும் உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் தம் மாணவர்க்கு வெங்காய வேரைக் காட்டிவிட்டு, நான்கு நிலைகளின் படத்தை வரையச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதிருப்பார்களாக. நன்கு பரவிய ஓர் உயிரணுவைத் தேடிப் பிடித்து, பதினாறையும் தாமே எண்ணச் சொல்வார்களாக. முதல் முறை பதினான்கோ பதினைந்தோ வரலாம். ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மறுமுறையும் எண்ணட்டும். பயிரைக் காக்கும் ஆராய்ச்சிக்கு அப்பொறுமையே முதற்பாடம்.